உடும்பு அளந்து கொடுத்த பட்டறை

இலுப்பை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் கூர்ப்பல்லன் என்றொரு வெள்ளெலி வாழ்ந்தது. மரத்துண்டைக் கொறித்துக் கொறித்துச் சீப்பு செய்வது அதன் தொழில். கரடிகளும் குரங்குகளும் அந்தச் சீப்புகளை ஆசையாக வாங்கிப் போகும். பதிலுக்குப் பழமும் கிழங்கும் கொடுக்கும்.

வீடோ ஒரே அறையும் பின்பக்கம் ஒரு சிறு துளையும் உள்ள சின்ன வளை. சமையல், குட்டிகளின் தூக்கம், தொழில் எல்லாம் அங்கேயேதான். மரத்தூள் கூழில் விழுந்தது. குட்டிகள் தும்மிக்கொண்டே தூங்கின.

"வேலைக்குத் தனியாக ஓர் இடம் தோண்டிக்கொள்ளுங்களேன்" என்றது மனைவி மஞ்சாடி.

"எவ்வளவு இடம் வேண்டும்?"

"நீங்கள் உட்கார ஓர் இடம், மரத்துண்டு வைக்க ஓர் இடம், தூளைத் தள்ள ஒரு மூலை. வேறென்ன?"

கூர்ப்பல்லனின் முகம் சுருங்கிவிட்டது. "என் தொழில் உனக்கு அவ்வளவு இளப்பமா? நாளைக்கு வியாபாரம் பெருகினால்?"

"பெருகட்டும். மண் எங்கேயும் ஓடிவிடாது. அப்போது தோண்டிக்கொள்ளலாம்."

'வீட்டிலிருப்பவர்களுக்கு நம் அருமை எங்கே தெரியும்!' என்று எண்ணிக்கொண்டு எலி வெளியே கிளம்பியது.

பாறைமேல் நெடுவாலன் என்ற உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வளையில் குட்டிகள் இருப்பது அதற்கு நெடுநாளாகத் தெரியும். என்ன செய்வது? வாசலில் தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை.

எலி சற்றுத் தள்ளியே நின்று விஷயத்தைச் சொன்னது.

"பயப்படாதீர், கிட்டே வாரும். வயதாகிவிட்டது. இப்போதெல்லாம் முட்டையோடு சரி" என்றது உடும்பு. "உம்மைப் போன்ற கலைஞருக்கு ஒரு மூலையா? கேட்கவே மனம் பொறுக்கவில்லை. கரடியார் சீப்பு வாங்க வந்தால் வாசலிலா நிறுத்துவீர்?"

எலியின் மீசை நிமிர்ந்தது. "அதைத்தான் நானும் சொன்னேன், உடும்பாரே! ஆனால் எதை வைத்து அளப்பது?"

"அதற்கென்ன? நான் இருக்கிறேனே! என் தோளகலம் வாசல், என் நீளம் கூடம். நன்றாக அளந்துகொள்ளும். எனக்கு ஒரு சிரமமும் இல்லை."

தன் உடம்பையே அளவுகோலாகத் தரும் இந்தப் பெருந்தன்மையை நினைத்து எலிக்குக் கண் கலங்கியது.

அன்றே தோண்டத் தொடங்கியது. சீப்பு கேட்டு வந்த கரடியிடம், "பட்டறை கட்டுகிறேன், பிறகு வாருங்கள்" என்றது. குரங்கிடமும் அதையே சொன்னது. கிழங்கு வரத்து நின்றது. சமையல் மூலையும் கூடத்தோடு சேர்ந்துவிட்டது. குட்டிகள் சுவரோரமாக ஒண்டிப் படுத்தன.

"இதெல்லாம் யாருக்காக?" என்று கேட்டது மஞ்சாடி.

"தொழிலுக்காக" என்றது கூர்ப்பல்லன், மண்ணைத் துப்பியபடி.

வேலை முடிந்ததும் அது உடும்பை அழைத்து வந்து காட்டியது. உடும்பு வாசலில் தோளை வைத்துப் பார்த்தது.

"இந்தப் பக்கம் கொஞ்சம் இடிக்கிறதே!"

"இதோ, உடும்பாரே!" எலி ஓடிப்போய் அந்தப் பக்கத்தையும் பறித்துவிட்டது.

இப்போது உடும்பு வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. சுற்றிலும் பார்த்தது. பிளவுபட்ட நாக்கை நீட்டிக் குட்டிகள் இருந்த பக்கம் துழாவியது.

"எப்படி இருக்கிறது?" என்று பெருமையோடு கேட்டது எலி.

"எனக்கென்றே அளந்து செய்தது போல இருக்கிறது."

மஞ்சாடி அதற்குமேல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கத்துச் சிறு துளைக்குள் தள்ளி, தானும் புகுந்தது. அப்போதுதான் கூர்ப்பல்லனுக்கு உறைத்தது. அலறிக்கொண்டு துளைக்குள் பாய்ந்தது. உயிர் தப்பியது, வாலில் பாதி உடும்பின் வாயில் தங்கிவிட்டது.

உடும்பு எந்த இடத்தைப் பிடித்தாலும் விடுமா? அங்கேயே குடியேறிவிட்டது.

எலிக் குடும்பம் ஒரு புதரின் வேருக்கடியில் ஒண்டிக்கொண்டது. கூர்ப்பல்லன் அங்கே உட்கார மட்டும் ஓர் இடம் பறித்து, மறுபடியும் சீப்பு கொறிக்க ஆரம்பித்தது.

பழைய வளையின் பக்கமாகப் போகும் விலங்குகள் நின்று பார்த்து, "அடேயப்பா! இந்தக் காட்டிலேயே பெரிய பட்டறை இதுதான்!" என்று வியந்தன. உள்ளே உடும்பு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நீதி: எவ்வளவு இடம் வேண்டும் என்று உன் வேலையைக் கேள், உன்னைப் புகழ்கிறவனைக் கேட்டால், அவன் தனக்கு வேண்டிய அளவைச் சொல்லுவான்.