தாடியில் விளைந்த பொன்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள், அவருக்கே அது பல நேரம் நினைவிருக்காது. மகாராணி சூடிய மல்லிகை பொழுது சாய்வதற்குள் வாடிவிடுகிறதே என்று ஒருநாள் அவருக்கு ஒரே வருத்தம். அரண்மனைப் பொற்கொல்லர் ஆண்டியப்பப் பத்தரை அழைத்து, வாடாத மல்லிகைச் சரம் ஒன்றைப் பொன்னில் செய்யச் சொன்னார்.

பத்தருக்கு வாயெல்லாம் பல். அரும்பு, பாதி விரிந்தது, காம்பு என்று நின்ற இடத்திலேயே மனசுக்குள் சரத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் பொக்கிஷ அதிகாரி மார்த்தாண்டராயர் தாடியை நீவியபடி எழுந்தார். மார்பு வரை தொங்கும் தாடி. தண்ணீர் பட்டால் உதிரும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை அவர் கழுவுவதே இல்லை. பிசுபிசுக்கும் புனுகை மட்டும் வழிய வழியத் தடவுவார். பத்தருக்கு அரண்மனையில் கிடைக்கும் மரியாதையைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும்.

“பிரபு, தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்பார்கள். கொடுத்த பொன் எடை குறையாமல் திரும்பி வரவேண்டும். ஒரு குன்றிமணி குறைந்தாலும் இவருடைய கட்டைவிரலை வாங்கிவிட வேண்டும். நானே எதிரில் அமர்ந்து காவல் காக்கிறேன்.”

“அப்படியே ஆகட்டும்,” என்றார் ராஜா. ராஜாக்களுக்கு யோசிப்பதைவிட அதுதான் சுலபம்.

பத்தருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரத்தால் ராவினால் தூள் பறக்கும். சேதாரம் இல்லாமல் நகை செய்த தட்டான் இன்னும் பிறக்கவில்லை. கட்டைவிரல் போனால் அரத்தை எதனால் பிடிப்பது? அரசவை விகடர் ஏகாம்பரத்தின் வீட்டுக்கு ஓடினார்.

“என் பொழப்பே போச்சுங்க. அந்த மனுஷன் மூக்கு உரசற மாதிரி வந்து உக்காருவாரு.”

ஏகாம்பரம் வெற்றிலையை மென்றபடி, “தாடியோடயா?” என்றார்.

“பின்னே, கழட்டி வச்சிட்டா வருவாரு?”

“அப்ப நல்லதாப் போச்சு. தள்ளி உக்காரச் சொல்லிராதீங்க. வேர்த்தா விசிறிக்கட்டும். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, பத்தரே.”

பத்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் எட்டு நாள் குனிந்த தலை நிமிராமல் ராவினார். நூற்றெட்டு அரும்பு, ஒன்றைப் போல் ஒன்று இல்லை, மல்லிகை அப்படித்தானே பூக்கிறது. எதிரே ராயர் எட்டு நாளும் தாடியை நீட்டிக்கொண்டு விசிறியபடியே இருந்தார்.

ஒன்பதாம் நாள் சபையில் எடை போட்டார்கள். மூன்று குன்றிமணி குறைந்தது.

“கட்டைவிரல்,” என்றார் ராயர். பத்தர் விரலை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

ஏகாம்பரம் எழுந்தார். “பிரபு, பொன் திரும்பி வரவேண்டும் என்பதுதானே ஆணை? அது தினந்தோறும் அரண்மனைக்குத் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு நாவிதரை அழைத்தால் காட்டுகிறேன்.”

“நாவிதர் யாருக்கு?”

“காவல் காத்தவருக்கு.”

ராயர் தாடியை இரு கையாலும் அணைத்துக்கொண்டார். ராஜா விடவில்லை. தாடி ஒரு தட்டில் வந்து விழுந்தது. பத்தருக்கு அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்த கோணிச்சாக்கைக்கூட எரித்து, சாம்பலில் பொன் எடுக்கிற கூட்டம் அல்லவா அவருடையது. கண்ணில் நீர் முட்ட, தாடியை எரித்து, சாம்பலை அரித்து, மிஞ்சியதை மூசைக் கிண்ணத்திலிட்டுத் தாமே ஊதி உருக்கினார். அடியில் மஞ்சளாக ஒரு மணி உருண்டது.

எடை போட்டார்கள். மூன்று குன்றிமணி வைத்தும் தராசு நிற்கவில்லை. ஐந்தில் நின்றது.

“மூன்று பத்தரிடம் பறந்தது. மீதி இரண்டு?” என்றார் ராஜா.

ராயர் இல்லாத தாடியை நீவினார்.

“பொக்கிஷத்துக்குத் தினமும் போய்வரும் தாடி அல்லவா, பிரபு,” என்றார் ஏகாம்பரம்.

ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். பத்தருக்குப் பட்டும் பொன்னும் கொடுத்து, இனி எந்த நகைக்கும் சேதாரம் உண்டு என்றார். பொக்கிஷத்தில் இருக்கும்வரை ராயர் தினமும் சவரம் செய்துகொள்ள வேண்டும் என்றார். ஏகாம்பரத்துக்கு ஒரு சால்வையும், அந்த இரண்டு குன்றிமணிப் பொன்னும்.

ஏகாம்பரம் அதைப் பத்தரிடம் நீட்டினார். “நம்ம வீட்டுல மூக்குத்தி கேட்டுட்டே இருக்கா. செஞ்சு குடுங்க.”

பத்தர் அதைக் கட்டைவிரலால் பத்திரமாகப் பிடித்து வாங்கினார்.

“உங்களுக்கு மட்டும் சேதாரமே இல்லாமச் செஞ்சு தர்றேன், ஐயா.”