மேற்கே பார்த்துக் கும்பிட்டவர்கள்

முன்னொரு காலத்தில் வெண்மணல் நாடு என்ற கடற்கரை நாட்டைக் கோளரி வர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மறப்பான், மத்தியானம் போட்டதைச் சாயங்காலம் மாற்றுவான். அவன் காதில் கடைசியாகப் பேசியவர் யாரோ, அன்றைக்கு அவரே ராஜா என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

அந்தக் காதுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவர் நிமித்திகர் அட்டமூர்த்தி. திசையும் சகுனமும் பார்த்துச் சொல்வது அவர் வேலை. கிணறு எங்கே வெட்டுவது, ராணி எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது, எல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கும். கொஞ்ச நாளாக அவருக்கு வயிற்றெரிச்சல். துறைமுகத் தெருவில் மூன்று தலைமுறையாக வாழும் முஸ்லிம்களின் தலைவர் நெய்னா மரைக்காயர் கப்பலில் குதிரைகள் கொண்டுவந்தார். ராஜா குதிரைகளைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போய், மரைக்காயருக்குச் சபையில் ஓர் ஆசனமும் போட்டுவிட்டான். அதுவும் நிமித்திகருக்கு எதிரிலேயே.

ஒருநாள் நிமித்திகர் ராஜாவின் காதில் ஓதினார். துறைமுகத் தெருக்காரர்கள் தினமும் ஐந்து வேளை மேற்கே பார்த்துக் குனிந்து தரையில் நெற்றியை வைக்கிறார்களாம். மேற்கே இருப்பவன் யார்? நம் பரம எதிரி குன்றநாட்டான். பள்ளிவாசலுக்குள் சிலையும் இல்லை, படமும் இல்லையாம், ஆகவே வேறு என்னவோ ஒளித்து வைத்திருக்கிறார்களாம். இவ்வளவையும் சொன்ன மனிதர் அந்தத் தெருப்பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை. போயிருந்தால் இத்தனை விவரமாகச் சொல்லியிருக்க முடியாது.

ராஜா கொதித்துப்போனான். மூன்று நாளில் அவர்கள் அரண்மனையைப் பார்த்துத் தொழப் பழகவேண்டும், இல்லாவிட்டால் கப்பலேறிப் போய்விடவேண்டும் என்று உத்தரவு போட்டான். செய்தி போய்ச் சேர்ந்ததும் துறைமுகத் தெருவில் அடுப்பு எரியவில்லை. வீட்டை விட்டுப் போனாலும் போவார்கள், தொழும் திசையை மாற்ற அவர்களால் ஆகாது. மரைக்காயரின் மருமகள் நிறைமாதக் கர்ப்பிணி. அந்தப் பெண்ணை எப்படிக் கப்பலில் ஏற்றுவது என்று கவலைப்பட்டுக்கொண்டே பெண்கள் மூட்டை கட்டினார்கள்.

அமைச்சர் சோலையப்பர் மட்டும் ராஜாவிடம் வந்து உத்தரவைப் பாராட்டினார். ஒரே ஒரு திருத்தம் கேட்டார். “ஒரு தெருவுக்கு மட்டும் என்றால் அரச நீதிக்கு அழகில்லை, மன்னா. மேற்கே பார்த்து வணங்குகிறவர் எவரானாலும் மூன்று நாளில் வெளியேறவேண்டும் என்று பொதுவாக எழுதிவிடலாம்.” நிமித்திகர் எல்லோருக்கும் முந்திக்கொண்டு தலையாட்டினார். ராஜா முத்திரை வைத்தான்.

மறுநாள் சபை கூடியது. வழக்கம்போல் நிமித்திகர் முதல் ஆளாக வந்து ராஜாவை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார். எழுந்திருப்பதற்குள் இரண்டு காவலர்கள் அவர் தோளைப் பிடித்துத் தூண் ஓரமாக நிறுத்தினார்கள். அடுத்து வந்த சேனாபதிக்கும் அதே மரியாதை. ஆஸ்தான கவிஞர் பாதி குனிந்தபோதே பிடிபட்டார். கால் நாழிகையில் நாற்பது பேர் தூண் ஓரம் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

“அமைச்சரே, என்ன கூத்து இது?” என்று ராஜா கத்தினான்.

“தங்கள் உத்தரவுதான், மன்னா. சிம்மாசனம் கிழக்கே பார்த்து இருக்கிறது. இங்கே கும்பிடுகிறவர் முகம் மேற்கே இருக்கும். தங்கள் முதுகுக்கு நேர் பின்னால் குன்றநாடு. சிம்மாசனத்தை இப்படிப் போடச் சொன்னவரும் நிமித்திகர்தான். ஆக, ஊரிலேயே அதிகமாகத் துரோகம் செய்திருப்பவர் அவர்.”

“முட்டாள்தனமாகப் பேசாதீர். அவர்கள் என்னை வணங்குகிறார்கள்.”

“அது தங்களுக்கும் அவர்களுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது திசை மட்டும்தான்.”

“அவர்களையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருக்கலாம், மன்னா,” என்றார் சோலையப்பர். “மரைக்காயரையும் கேட்டிருக்கலாம்.”

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. மரைக்காயரை வரவழைத்தான். அவர் வந்து நின்று, கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார். “மகாராசா, நாங்க திசையையும் கும்பிடல, எந்த ராசாவையும் கும்பிடல. படைச்சவன் ஒருத்தன், அவனைத்தான் தொழுறோம். எங்க இருந்தாலும் மக்காவுல இருக்கிற கஃபா பக்கம் முகம் வச்சு நிக்கணும். இங்கேருந்து அது மேக்கால இருக்கு. அதுக்கும் மேக்கால, மிசிர் நாட்டுல இருக்கிறவங்க கிழக்கே பாத்துத்தான் நிக்கிறாங்க.”

“இத்தனை வருஷமாக இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?” என்று ராஜா கேட்டான்.

“வருசா வருசம் நோன்பு மாசத்துல அரண்மனைக்குக் கலயத்துல கஞ்சி அனுப்புறோம். கூடவே, வந்து எங்களோட உக்காந்து குடிங்க, பள்ளிவாசலையும் பாருங்கன்னு ஓலையும் அனுப்புறோம். கலயம் காலியாத் திரும்பி வரும். ஆளு ஒருத்தரும் வந்ததில்ல.”

தூண் ஓரம் நின்றவர்களில் சிலர் உதட்டைத் துடைத்துக்கொண்டார்கள். ராஜா உத்தரவு ஓலையை வாங்கித் தன் கையாலேயே கிழித்துவிட்டு, மரைக்காயரிடம் தான் செய்தது தவறு என்று சொன்னான். ராஜா ஒருவன் அப்படிச் சொன்னதைச் சபை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

பிறகு நிமித்திகரைப் பார்த்தான். அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது, மாலைதோறும் பள்ளிவாசலுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து கஞ்சி குடிக்கவேண்டும், காலைதோறும் சபையில் வந்து சொல்லவேண்டும், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லவேண்டும் என்றான். சோலையப்பருக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டான்.

வாய் ஓயாத மனிதர் முதல் பத்து நாள் சபையில் வாயே திறக்கவில்லை. சொந்தச் சரக்கைச் சேர்க்காமல் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஒருநாள் ரொம்ப முயன்று, கஞ்சி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். சபை சிரித்தது.

இருபதாம் நாள் அவராகவே எழுந்து நின்றார்.

“மன்னா, நேற்று நான் போக நேரமாகிவிட்டது. எல்லோரும் குடித்து முடித்துத் தொழுதுகொண்டிருந்தார்கள். நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு கிண்ணம் மூடி வைக்கப்பட்டிருந்தது. எனக்காக எடுத்து வைத்தது யார் என்று விசாரித்தேன். மரைக்காயரின் மருமகளாம். பச்சைக்குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு, நிமித்திகர் பசியோடு வருவார், எடுத்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினாளாம்.”

இந்தத் தடவை சபையில் யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலை ராஜா குடை, பல்லக்கு எதுவும் இல்லாமல் துறைமுகத் தெருவுக்கு நடந்தே போனான், அவர்களோடு உட்கார்ந்து அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள.