கஞ்சாச் செடிக்குக் காமாலை

கோட்டைக்கிணறு போலீஸ் ஸ்டேஷனில் மொத்தம் மூன்று பேர். ஏட்டு வைரவநாதன், கான்ஸ்டபிள் இன்னாசி, கான்ஸ்டபிள் மாடக்கண்ணு. மூன்று பேருமே சொன்ன சொல் தட்டாதவர்கள். ஊருக்கு அதுதான் கஷ்டம்.

ஒருமுறை, பக்கத்து ஸ்டேஷன்களோடு இதையும் சேர்த்துக் கவனிக்கிற இன்ஸ்பெக்டர் தில்லைநாயகி மேடம், "நான் வர்ற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து கதவைத் தட்டினால், "மேடம் இன்னும் உள்ள வரல. வந்ததும் திறக்கிறோம்" என்று பதில் வந்தது. மேடம் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே வந்தார். உடனே கதவைத் திறந்துவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட ஸ்டேஷனுக்குத்தான் அந்த ஐந்து தொட்டிகள் வந்து சேர்ந்தன.

டெய்லர் பூவலிங்கம் தன் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து தொட்டியில் கஞ்சாச் செடி வளர்த்தார். பிடித்துவிட்டார்கள். கோர்ட்டில் அவருடைய வக்கீல், "ஐயா, அது புளிச்சக்கீரை" என்று ஒரு போடு போட்டார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்த வாய்தாவுக்குச் செடிகளை உயிரோடு கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார். பூவலிங்கத்துக்கு ஜாமீன். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

மேடம் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"செடியைப் பிடிச்சப்போ எழுதின மகஜர்ல என்ன இருக்கு? இலை பச்சை, உயரம் ரெண்டடி. வாய்தா வரைக்கும் அப்படியே இருக்கணும். எதையும் தூக்கிப் போடக் கூடாது. எல்லாம் சாட்சிப் பொருள். ஏதாவது ஆச்சு, மூணு பேரும் ஆனைப்பாழி செக்போஸ்ட்தான்."

ஏட்டு வைரவநாதன் பின்பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். அவர் வீடு ஸ்டேஷனுக்கு நேர் பின்னால். பதினாறு வருஷமாக மத்தியானம் ஒரு மணிக்கு ரசம் ஆவி பறக்கச் சாப்பிடுகிறவர். ஆனைப்பாழிக்குப் பஸ்ஸே வாரத்துக்கு இரண்டு தடவை. ரசம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

தொட்டிகளை முற்றத்தில், மதில் சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு போட்டு அதன்மேல் வைத்தார்கள். வேளைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். நாலாம் நாள் கீழ் இலைகள் மஞ்சளாகிவிட்டன.

ஏட்டு ஆலோசனைக் கூட்டம் போட்டார்.

"என்னய்யா இது? மகஜர்ல பச்சைன்னு போட்டிருக்கு. இது மஞ்சளா நிக்குது."

"உடம்பு மஞ்சளானா காமாலை ஏட்டய்யா" என்றான் இன்னாசி. "என் மச்சானுக்கு வந்துச்சு. கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்தாங்க. பதினஞ்சே நாள்."

"கண்ணு மஞ்சளா இருக்கான்னு பாத்தியா?"

இன்னாசி ஐந்து தொட்டியையும் சுற்றி வந்தான். "கண்ணே இல்ல ஏட்டய்யா."

"அவ்வளவு முத்திடுச்சா" என்று ஏட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

வேளைக்கு ஒரு டம்ளர் கீழாநெல்லி மோர். உப்பு, புளி, எண்ணெய் கூடாது என்று பத்தியம். பத்தியத்தில் மட்டும் குறையே சொல்ல முடியாது. ஐந்து செடியும் அப்பளத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் பூவலிங்கம் கையெழுத்துப் போட வந்தார். அன்றைக்குத்தான் முற்றத்தை எட்டிச் செடியைப் பார்த்தார். பேனா கீழே விழுந்தது.

"அடப்பாவிகளா, பிள்ளை மாதிரி வளர்த்தேனே. வேரு அழுகுது சார். தண்ணி அதிகம். நான் ஒரு தடவை மண்ணைக் கிளறிவிட்டு..."

"கையைத் தொட்டியில வைக்காத" என்றார் ஏட்டு. "சாட்சிப் பொருள். வாயால மட்டும் சொல்லு."

பூவலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. ஈரம் காயுற வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் தண்ணி ஊத்துங்க. அந்த மோரையும் நிறுத்துங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாடக்கண்ணு முதல் தொட்டியில் வலது கை ஆள்காட்டி விரலை விட்டான். ஈரமாக இருந்தது. ஆகவே பொறுத்தான். மத்தியானமும் பொறுத்தான். இன்னாசி சோறு ஊட்டிவிட்டான். மறுநாள் காலை மேடம் ஜீப் வந்து நின்றபோதும் விரல் உள்ளேதான் இருந்தது. மாடக்கண்ணு கடமை தவறாதவன். தொட்டியோடு சேர்த்து ஒரு சல்யூட் அடித்தான். மேடத்தின் தொப்பியில் கால் கிலோ மண் விழுந்தது.

"என்னடா இது?"

"இன்னும் காயல மேடம்."

மேடம் ஒரு கொலைக் கேஸுக்குப் போகிற அவசரம். பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் மண் காய்ந்தது. ஆனால் அன்றைக்கு இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. பூவலிங்கம் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"உச்சி வெயில் நேரா அடிக்குது சார். மத்தியானம் தலைக்கு மேல எதையாவது போடுங்க."

ஏட்டு அலமாரியைத் திறந்து ஐந்து போலீஸ் தொப்பியை எடுத்து வந்தார். ஐந்து செடிக்கும் மாட்டினார்கள். வரிசையில் மூன்றாவது செடிக்குத்தான் எடுப்பாக இருந்தது.

மத்தியானம் ரோட்டில் ஜீப்பில் போன மேடம், மதில் சுவருக்கு மேலே எட்டுத் தொப்பிகளைப் பார்த்தார். உடனே வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்.

"கூடுதலா ஆள் அனுப்பிட்டாங்களா? பரவாயில்லையே. இந்த வெயில்லயும் அசையாம நிக்கிறாங்க."

"அசையவே மாட்டாங்க மேடம்" என்றார் ஏட்டு. "அஞ்சு பேரும் கொஞ்சம் வாடியிருக்காங்க, அவ்வளவுதான்."

"பாவம். எல்லாருக்கும் மோர் வாங்கிக் குடுங்க."

மறுநாள் பூவலிங்கம் மூக்கைச் சுளித்தார். "மோரை நிறுத்தச் சொன்னேனே சார்."

"மேலிடத்து உத்தரவு அண்ணே" என்றான் இன்னாசி. இதற்குள் அவர் அண்ணன் ஆகியிருந்தார்.

மோர் வாசத்துக்கு எறும்பு வந்தது. எறும்புக்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. இலையெங்கும் ஊசியால் குத்தினாற்போல் வெள்ளைப் புள்ளி.

"இலைக்கு அடியில பாருங்க, பூச்சி இருக்கும்" என்றார் பூவலிங்கம். "பூச்சி இருக்கிற செடியைத் தனியாப் பிரிச்சு வைங்க. இல்லாட்டி மத்ததுக்கும் பரவிரும்."

கைரேகை பார்க்கிற லென்ஸை எடுத்துக்கொண்டு மாடக்கண்ணு பெஞ்சுக்கடியில் மல்லாக்கப் படுத்தான்.

"இருக்கு ஏட்டய்யா. சிவப்பா, பொடியா, ஒரு கூட்டமே இருக்கு."

"எத்தனை பேர்?"

"ஓடிக்கிட்டே இருக்காங்க, எண்ண முடியல."

"போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே அத்துமீறி நுழைஞ்சிருக்காங்க" என்றார் ஏட்டு. "லாக்கப்ல போடு. கைரேகை எடுத்துரு."

இன்னாசி யோசித்தான். "ஆளுக்கு எட்டுக் கால் இருக்கு ஏட்டய்யா. எந்தக் கால்ல எடுக்கிறது?"

ஏட்டு சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினார். "இடது பெருவிரல்தான் சட்டம். எட்டுல எது இடதுன்னு அவங்களையே கேளு. ஒத்துக்கிட்டா எடு, இல்லாட்டி விடு."

கேட்டார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. பூச்சி பிடித்த செடியை லாக்கப்பில் வைத்துப் பூட்டினார்கள். கம்பி இடைவெளி வழியாகப் பூச்சிகள் தப்பி ஓடிவிட்டதாக அன்று மாலையே டைரியில் எழுதிவிட்டு, செடியைத் திரும்ப முற்றத்தில் வைத்தார்கள்.

பிறகு ஒரு வாரம் அடைமழை. முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. மூன்று பேரும் உள்ளேயே இருந்தார்கள். பூச்சியை மழை கழுவிவிட்டது. மோரையும் கழுவிவிட்டது. யாரும் வைத்தியம் பார்க்காததால் செடிகள் பிழைத்துக்கொண்டன.

மழை விட்டதும் ஏட்டு வெளியே வந்து பார்த்தார். இலைகள் பளபளவென்று பச்சை. ஆனால் உயரம் மூன்றரை அடி.

"மகஜர்ல ரெண்டடிய்யா. இது ஒண்ணரை அடி ஜாஸ்தி. கோர்ட்ல செடியை மாத்திட்டோம்னு சொல்லிருவாங்க. ஆனைப்பாழிதான்."

டேப்பை வைத்து அளந்து, இரண்டடிக்கு மேலே இருந்ததை நறுக்கினார்கள். நறுக்கியதைத் தூக்கிப் போட முடியாது. சாட்சிப் பொருள். உயிரோடு வேறு இருக்க வேண்டும். ஆகவே ஒரு வாளியில் மண்ணை நிரப்பி நட்டார்கள். நறுக்க நறுக்கச் செடி கிளைத்தது. கிளைக்கக் கிளைக்க நறுக்கினார்கள். வாளி நிறைந்ததும் உடைந்த ஹெல்மெட், ஓட்டைக் குக்கர், திருட்டுக் கேஸில் பிடித்த அண்டா என்று எதையும் விடவில்லை. எல்லாமே வேர் பிடித்துவிட்டது.

பூவலிங்கம் தினமும் வந்து பார்ப்பார். முகத்தில் பெருமை தாங்காது. "எனக்கே இப்படி வரல சார். உங்க கை ராசியான கை."

வாய்தா அன்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோர்ட் வாசலில் இறக்கவே ஒரு மணி நேரம் ஆனது. மேடம் அதைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஜட்ஜ் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார். வக்கீலைப் பார்த்தார். வக்கீல் புளிச்சக்கீரை என்று எழுதியிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மகஜர்ல அஞ்சுதான் இருக்கு" என்றார் ஜட்ஜ். "இங்க நாப்பத்திரண்டு நிக்குது. பாக்கி முப்பத்தேழும் யார் வளர்த்தது?"

ஏட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "நாங்கதான் ஐயா. எங்க சொந்த உழைப்பு."

"பூவலிங்கத்துக்கு இதுல பங்கு?"

"ஒரு இலையைக்கூடத் தொட விடல ஐயா."

ஜட்ஜ் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். இந்த முறை ரொம்ப நேரம் துடைத்தார்.

ஐந்து செடிக்குப் பூவலிங்கம். முப்பத்தேழு செடிக்கு ஏட்டு வைரவநாதனும் மற்ற இருவரும். அவர்களுக்கும் ஜாமீன். தினமும் காலை பத்து மணிக்குக் கோட்டைக்கிணறு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கேஸ் முடிகிற வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது.

மேடம் அன்றைக்கே ஆனைப்பாழிக்கு மூன்று பேரையும் மாற்றி ஆர்டர் அடித்திருந்தார். ஜட்ஜின் உத்தரவைப் படித்துவிட்டு அவரே அதைக் கிழித்தார். கோட்டைக்கிணற்றுக்கு வேறு ஆளும் கிடைக்கவில்லை. அதனால் கையெழுத்து வாங்குகிறவர்களும் அதே மூன்று பேர்தான்.

ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. எட்டாம் நாள் பத்தேகாலுக்கு ஏட்டு நோட்டைப் புரட்டினார். புருவம் ஏறியது.

"இன்னாசி போட்டிருக்கான். மாடக்கண்ணு போட்டிருக்கான். இந்த வைரவநாதன் ஏன்டா இன்னும் வரல?"

"வந்துருவாரு ஏட்டய்யா. தினமும் வர்ற ஆளுதான்."

"ஜாமீன்ல இருக்கிறவனை நம்பக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் பாருங்க."

இரண்டு பேரும் பின்பக்கமாக ஓடிப்போய் ஏட்டு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ரசத்துக்குத் தக்காளி பிசைந்துகொண்டிருந்த ஏட்டம்மா, "அவரு காலையிலயே கிளம்பிட்டாரே" என்றார்.

ஓடி வந்து சொன்னார்கள். "ஆளு காலையிலயே கிளம்பிட்டானாம் ஏட்டய்யா. தலைமறைவு."

பூவலிங்கம் அப்போதுதான் கையெழுத்துப் போட வந்தார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டு, கோர்ட்டிலிருந்து ஸ்டேஷனுக்கே திரும்பியிருந்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

ஏட்டு பேனாவை எடுத்தார். "ஆளோட அடையாளம் சொல்லுங்க. எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பணும். மீசை எப்படி?"

மாடக்கண்ணு ஏட்டின் முகத்தை உற்றுப் பார்த்தான். "அச்சு அசல் உங்க மீசை மாதிரியே இருக்கும் ஏட்டய்யா."

"உயரம்?"

"உங்க உயரம்."

"தொப்பை?"

"உங்களைவிடக் கொஞ்சம் கம்மி" என்றான் இன்னாசி, மரியாதைக்காக.

ஏட்டு எல்லாவற்றையும் ஸ்டேஷனுக்கு ஒரு நகலாகக் கையால் எழுதி முடித்து, கீழே கோடு போட்டு, மணியைப் பார்த்தார். ஒன்று அடிக்க ஐந்து நிமிஷம்.

"எங்க போயிருவான்? எப்படியும் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வருவான்" என்று எழுந்து லத்தியைக் கையில் எடுத்தார். "நான் போய் அங்கேயே உக்காந்திருக்கேன். வந்தான்னா ரசத்தோட பிடிச்சிரலாம்."