மேல் பிளக்

“ஊர்ல இருக்கற பானா, ஸ்பேனர் அத்தனையும் போட்டுப் பாத்துட்டனுங்க அம்மிணி. ஒண்ணுக்கும் அசைய மாட்டேங்குது. இதுக்குன்னு ஒரு சாமான் இருக்குமில்ல, அதைக் குடுங்க.”

மாரப்பன் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார்.

ரெஜினா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தாராபுரம் சாலையில் பழைய டிராக்டர்களுக்கென்றே பட்டறை வைத்திருப்பவள் அவள். வயது முப்பத்தாறு. மாரப்பனுக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. ஆனாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வண்டியில் எது இறுகிப் போனாலும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அவளுடைய பேச்சு மட்டும் ரேஷன் கடைச் சர்க்கரை மாதிரி அளந்துதான் கிடைக்கும்.

“எது அசையலை?”

“டிரைன் பிளக்குங்க. கியர் பாக்ஸுக்கு அடியில, ஆயில் இறக்கறது.”

“எதுக்கு இறக்கணும்?”

“நாலு மாசமா வண்டி மழையில நின்னு உள்ள தண்ணி இறங்கிருச்சுங்க. ஆக்சில் ஓரமா மோராட்டம் கசியுது. அதை இறக்கிட்டுப் புதுசு ஊத்துனாத்தானே ஓட்ட முடியும்?”

“நாலு மாசம் ஏன் நின்னுச்சு?”

மாரப்பன் சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்க இரும்புக் கம்பிகள் ஆணியில் தொங்கின. ஒன்று போல இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வண்டிக்காக அவள் அரத்தால் ராவி வைத்தது.

“ஓட்டறவன் இல்லீங்க. எம்பையன் லோகநாதன். மோட்டார் போடப் போனான். ஷாக் அடிச்சு…”

பாதியில் விட்டாலும் மாரப்பனால் சும்மா இருக்க முடியவில்லை.

“எம்மருமக கோகிலா இருக்கறாளுங்க. அவன் போனதுல இருந்து ஒரு சொட்டு அழுகலை. ஒரு வார்த்தை பேசலை. ஆக்கறா, போடறா, பாத்திரம் கழுவறா, அவ்வளவுதான். அழுக வெச்சிருங்க, இல்லாட்டி நெஞ்சு வெடிச்சுச் செத்துருவான்னு ஊரே சொல்லுது. நானும் என்னென்னமோ பண்ணிட்டனுங்க. காங்கயத்துல இருந்து எந்தங்கச்சியக் கூட்டியாந்து மூணு நாள் ஒப்பாரி வைக்கச் சொன்னேன். அவன் சட்டைய எடுத்து மடியில போட்டோம். எங்க பெரியப்பா பையன் வந்து கல்நெஞ்சுக்காரின்னு வைதுகூடப் பாத்தாரு.”

“ம்.”

“அவன் சாயந்திரம் வண்டிய ஓட்டியாந்தா, சத்தம் கேட்ட உடனே இவ வாசலுக்கு ஓடியாருவாளுங்க. அந்தச் சத்தம் மட்டும் ஒருக்கா காதுல விழுந்துட்டா உடைஞ்சு அழுதுருவா. அதுக்குத்தான் இவ்வளவு பாடு.”

“அழுதா?”

“அழுதா உள்ள இருக்கறதெல்லாம் இறங்கிக் காலியாயிருமில்லீங்க.”

ரெஜினா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

“காலியாயி?”

மாரப்பனுக்குக் கேள்வி புரியவில்லை. அவள் உள்ளே போய்த் தேய்ந்த பல் பிரஷ் ஒன்றையும் ஒரு சீசா மண்ணெண்ணெயையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“துடைச்சுட்டு வாங்ண்ணா.”

சாமான் கேட்டு வந்தவனுக்குப் பல் பிரஷா! வீடு வரும்வரை மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தார்.

திட்டினாலும் துடைத்தார். அன்றைக்கு ஊரார் தள்ளிவந்து வாசலில் விட்ட வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, முப்பது வருஷத்து மண்ணையும் கிரீஸையும் சுரண்டி எடுத்தார். கண்ணில் விழுந்தது, வாயில் விழுந்தது. மத்தியானத்துக்கு மேல் பிளக்கின் முகம் தெரிந்தது.

வட்டத் தலை என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்தது தலையே இல்லை. நடுவில் ஒரு சதுரக் குழி. குழி நிறைய மண் அடைத்துக் கல்லாகிக் கிடந்திருக்கிறது. அது தெரியாமல் விளிம்பைப் பைப் ரெஞ்சால் கடித்து, உளி வைத்து அடித்து, அதை நார்நாராகக் கிழித்து வைத்திருந்தார். பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அப்போது கோகிலா தண்ணீர்க் குடத்தோடு வண்டியைக் கடந்து போனாள். அடியில் கிடந்தவருக்குப் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. மெட்டி இருந்த விரலைச் சுற்றி வெளுப்பாக ஒரு தடம். நாலு மாதமாக அவள் போட்ட சோற்றைத் தின்கிறார். அந்தப் பாதங்களை அவர் பார்த்ததே இல்லை. அவள் திரும்பி வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சதுரக் குழிங்க அம்மிணி,” என்றார் மறுநாள் பட்டறையில்.

“எவ்வளவு?”

“அது அளக்கலீங்களே.”

ரெஜினா துணி சோப்பு ஒன்றை இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கொடுத்தாள். “குழியில அழுத்தி எடுத்தாங்க.”

எடுத்து வந்தார். சோப்பின் முனையில் சதுரமாக ஒரு மொட்டு நின்றது. அவள் அதை அளந்து, ஒரு கம்பியைப் பட்டறைப் பிடியில் மாட்டி அரத்தால் ராவ ஆரம்பித்தாள். நாலு பக்கமும் சோப்பு மொட்டோடு சரியாகச் சேரும்வரை ராவினாள். பிறகு காய்ச்சி வளைத்துத் தண்ணீரில் முக்கினாள். மாரப்பன் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

“மேல் பிளக் திறக்குதா?”

“மேலயா? எனக்கு வேண்டியது அடியிலதானுங்களே.”

“ஊத்தறது மேல.”

“அது கெடக்குதுங்க. முதல்ல இறங்கட்டும். ஊத்தறதப் பின்னால பாத்துக்கலாம்.”

ரெஜினா கம்பியைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள்.

“மேல திறந்துட்டு வந்து வாங்கிக்கங்க.”

மாரப்பன் வீட்டுக்குப் போய் மேல் பிளக்கில் பானாவை மாட்டினார். அசையவில்லை. அன்றைக்கு முயன்றார், அடுத்த நாளும் முயன்றார். மூன்றாம் நாள் பட்டறைக்குப் போய், “திறந்துருச்சுங்க,” என்றார்.

ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவள் கம்பியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

கம்பி குழியில் போய் உட்கார்ந்தது. ஒரே இழுப்பு. முப்பது வருஷம் அசையாதது முனகிக்கொண்டு சுழன்றது. கறுப்பும் சாம்பலுமாக எண்ணெய் சட்டியில் கொட்டியது. நாலு மாதத்தில் முதல் முறையாக மாரப்பன் சந்தோஷப்பட்டார். வெட்கம்தான், ஆனாலும் சந்தோஷம்.

சொட்டு நின்றதும் அடியை மூடிவிட்டு, புது எண்ணெய்க் கேனோடு மேலே ஏறினார். பானாவை மாட்டினார். வழுக்கியது. பானாவின் பிடியில் நீளக் குழாயைச் செருகிக்கொண்டு உடம்பின் மொத்த பாரத்தையும் போட்டார். சடக்கென்றது. பிளக்கின் தலை தனியாகக் கையோடு வந்தது. உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது.

இனி ஊற்ற வழியில்லை.

கொஞ்சமாவது நிதானம் இருப்பவர் அங்கேயே நிறுத்தியிருப்பார். மாரப்பனுக்கு அது எங்கே? வண்டியை நகர்த்தினால்தானே ஆகாது, நின்ற இடத்தில் ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் வந்துவிடுமே என்று கணக்குப் போட்டார். பொழுது சாய்கிற நேரம். லோகநாதன் வருகிற நேரமும் அதுதான். சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. அடியில் எண்ணெய் இல்லாத பற்சக்கரங்கள் கிறீச்சிட்டன.

கோகிலா ஓடி வந்தாள்.

கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே, எப்போதும் வருகிற மாதிரியே ஓடி வந்தாள். வாசல் தாண்டி நாலு எட்டு வைத்தவள் வண்டியின் மேலே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

“அவரை இறங்க விட்டீங்களா மாமா?”

நாலு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு இது.

“சாப்பிட்டுட்டுப் போகட்டும்னு சொன்னேன்ல? தூறுது, ஸ்டார்ட்டர் பெட்டி நனைஞ்சிருக்கும்னு சொன்னேன்ல? இதே வாசல்ல நின்னுட்டு, மூணு பேஸ் கரண்ட் வந்துருச்சு, நீ எறங்காத, அப்படியே போயி மோட்டாரப் போட்டுட்டு வான்னு நீங்கதானே அனுப்புனீங்க? வண்டிய அணைக்கக்கூட விடலையே! இந்தச் சத்தம்தானே மாமா கடைசியாக் கேட்டுச்சு!”

பிறகு அழுதாள். ஊரே எதிர்பார்த்த அழுகை. மண்ணில் விழுந்து, மண்ணை அள்ளி, வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். காங்கயத்துத் தங்கச்சி மூணு நாளாகக் கூப்பிட்டும் வராத அழுகை மொத்தமாக வந்தது.

மாரப்பன் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவளுக்குள் ஊற்ற அவரிடம் ஒன்றும் இல்லை. எஞ்சினை அணைக்க வேண்டும் என்பதுகூட வெகு நேரம் தோன்றவில்லை.

அழுது ஓய்ந்ததும் அவள் எழுந்து உள்ளே போனாள். உலை வைத்தாள். அவருக்குத் தட்டு வைத்தாள். முன்பு அவள் முகத்தில் ஒரு கோபமாவது பூட்டிக் கிடந்தது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. அடுத்த மூன்று நாளும் அவள் தனக்கென்று தட்டே எடுக்கவில்லை.

நாலாம் நாள் மாரப்பன் பட்டறைக்குப் போனார்.

“அழுதுட்டாளுங்க.”

ரெஜினா கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள்.

“மேல திறந்துருச்சுன்னு பொய் சொல்லிட்டனுங்க அம்மிணி.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா குடுத்தீங்க?”

“குடுக்கலைன்னா உளிய எடுத்திருப்பீங்க.”

அது உண்மைதான். மாரப்பன் கீழே உட்கார்ந்துவிட்டார்.

“தலை ஒடைஞ்சு போச்சுங்க. உள்ள ஒண்ணுமில்ல.”

“ஓட்டுனீங்களா?”

“நகத்தலீங்க. சத்தம் மட்டும்… கொஞ்ச நேரம்.”

ரெஜினா கண்ணை மூடித் திறந்தாள். மாரப்பனின் பார்வை மறுபடியும் சுவருக்குப் போனது. அத்தனை கம்பிகளையும் வரிசையாகப் பார்த்தார்.

“இதுக்கு ஒரு சாமான் இருக்குமில்லீங்க?”

“இதுக்குச் சாமான் இல்லீங்ண்ணா.”

அவள் எழுந்து போய், மூக்கு நீண்ட சின்ன எண்ணெய்க் குப்பி ஒன்றைக் கொண்டுவந்தாள்.

“ஒடைஞ்ச எடத்துல தினமும் ரெண்டு சொட்டு விடுங்க. தட்டாதீங்க. நெம்பாதீங்க.”

“எத்தனை நாளைக்குங்க?”

“உள்ள எறங்கற வரைக்கும்.”

“எறங்கலைன்னா?”

அவள் அதற்குள் வேறொரு வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

மாரப்பன் வீட்டுக்கு வந்தார். வண்டி மேல் ஏறி, உடைந்த இடத்தில் இரண்டு சொட்டு விட்டார். எண்ணெய் துருவின் மேலேயே நின்றது. அது இறங்குகிறதா என்று வெகு நேரம் குனிந்து பார்த்தார். பிறகு குப்பியோடு இறங்கி, சமையலறை வாசலில் போய் நின்றார்.

கோகிலா முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“நான்தான் கண்ணு அனுப்புனேன்.”

அவள் திரும்பவில்லை. அரிசிக்குள் கை சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாளும் இரண்டு சொட்டு விட்டுவிட்டு, அதே வாசலில் வந்து நின்றார்.