தங்கதுரை சாரின் ‘கெட்’ பாடம்

கோவில்பட்டியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திய தங்கதுரை சாருக்குக் கொஞ்ச நாளாகவே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சந்தேகம் என்றால் பிள்ளைகள் அவரை விட்டுவிட்டு, கூடப் படிக்கும் ஜெராக்ஸ் கடை வடிவிடம் போனார்கள்.

"நீ பெரிய டீச்சரோ? ஒரு சொல் தமிழ் பேசாம 'கெட்' பாடத்தை நடத்து. முடியலைன்னா நாளையிலேர்ந்து வராதே!" என்று ஒருநாள் வகுப்பில் அவளிடம் சீறினார்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. இங்கிலீஷில் எதைச் சொன்னாலும், கேட்டவர் உடனே செய்து காட்ட வேண்டும்.

வடிவு அவரைக் கும்பிட்டாள். "கெட் அப், சார்."

நாற்காலியை விட்டு எழுந்தார்.

"கெட் த சாக்பீஸ்."

எடுத்துவந்தார்.

"கெட் ரெடி."

இவளுக்கா பயப்படுவேன் என்று சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கெட் அவுட்."

சட்டம் அவருடையதாயிற்றே! வெளியே போனார். உள்ளே கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவருக்கு ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை. எட்டிப் பார்த்தால், அவருடைய நாற்காலியில் அவள்!

"மே ஐ கெட் இன்?" என்று முணுமுணுத்தார்.

வாய்க்குள் பேசும் பிள்ளைகளை அவர் அதட்டும் அதே குரலில் வடிவு சொன்னாள்:

"லவுடர், ப்ளீஸ்!"