சிங்கராயரின் அரை மீசை

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று தோண்டித் துருவாதீர்கள், ஒரு ராஜா இருந்தார். கெட்ட செய்தி காதில் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் எல்லைச் சண்டைச் செய்திகளை எழுதிக் கொடுக்கச் சிங்கராயர் என்ற ஓலைக்காரரை வைத்திருந்தார். மகா கெட்டிக்காரர். எதிராளி ஆற்றைக் கடந்தால் 'கொள்ளையர் புகுந்தனர்' என்பார். நம்மவர் கடந்தால் 'வீரர் எழுந்தருளினர்' என்பார்.

ஒருநாள் நம் படை அக்கரை ஊரின் வைக்கோற்போர்களையெல்லாம் கொளுத்திவிட்டு வந்தது. 'அக்கரையில் தீ நேர்ந்தது' என்று எழுதிக் கொடுத்தார் சிங்கராயர். முரசறையும் சடையன், பாவம், அந்தத் தீயைக் கண்ணால் பார்த்தவன். "நம்ம படைதான் கொளுத்துச்சு" என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டான். பெண்டாட்டி பிள்ளைகளோடு அவனை நாடு கடத்த உத்தரவாயிற்று.

விகடகவி பூவலிங்கத்துக்கு மனசு ஆறவில்லை. "மகாராஜா, அவன் உள்ளதைத்தானே சொன்னான்?"

"சிங்கராயர் எழுதியதும் உள்ளதுதான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நாளை மாலைக்குள் காட்டும். இல்லையேல் நீரும் அவனோடு மூட்டை கட்டும்."

"சித்தம். நாளை ஒருநாள் சபையில் எல்லோரும் சிங்கராயர் நடையிலேயே முறையிட வேண்டும், மீறினால் பத்துக் கசையடி என்று ஆணையிடுங்கள்."

ராஜாவும் ஆணையிட்டார். சிங்கராயருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் விருந்துண்ட மயக்கத்தில் அவர் சபையிலேயே குறட்டை விட்டார். பூவலிங்கம் கத்தரிக்கோலோடு நெருங்கினார். விழித்துக்கொண்டால் அதோகதிதான். இடப்பக்க மீசையை ஒட்ட நறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ராஜா வந்ததும் எக்காளம் ஊதினார்கள். சிங்கராயர் விழித்தார், முகத்தைத் தடவினார், பூவலிங்கத்தின் கையில் கத்தரிக்கோலைக் கண்டு அலறினார். "மகாராஜா, இந்தப் பாவி என் மீசையை வெட்டிவிட்டான்."

"பத்துக் கசையடி," என்றார் பூவலிங்கம். "'மீசையில் குறைவு நேர்ந்தது' என்றல்லவா முறையிட வேண்டும்?"

"தானாக எப்படியய்யா நேரும்? கத்தரி பிடித்த கை ஒன்று இருக்கிறதே. அதைச் சொல்லாவிட்டால் எனக்கு நியாயம் எப்படிக் கிடைக்கும்?"

"பந்தம் பிடித்த கையைத்தான் சடையனும் சொன்னான், மகாராஜா."

ராஜா அந்த அரை மீசையைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார். கசையடியை மன்னித்தார். முத்துமாலையைக் கழற்றிப் பூவலிங்கத்தின் கழுத்தில் போட்டார். பிறகு சடையனைக் கூப்பிட்டு, சற்றே வெட்கத்தோடு, ஏதோ சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை முரசு முழங்கியது. "நம்ம படைதான் கொளுத்துச்சு. அக்கரை மாடுங்க பட்டினி கிடக்குது. அரண்மனை வைக்கோல் போகுது, வண்டி வச்சிருக்கவங்க வாங்க."