படிக்கல்லுக்கு முதல் குடம்

கொன்றைப்பாடியில் கொன்றைநாதர் திருமஞ்சனத்துக்கு நீர் சுமந்தவர் சேந்தனார். விடியுமுன் குளத்தில் இறங்குவார். இடக்கை செயலற்றுத் தொங்கும். வலத்தோளில் குடம் ஏறும். ஆனால் முதல் குடம் கோயிலுக்குப் போகாது. குளத்தின் மேல்படியாகக் கிடந்த கரடுமுரடான மலைக்கல் ஒன்றின்மேல் அதைச் சாய்ப்பார். "காடா, குளிருதாடா?" என்று கேட்பார். பிறகுதான் ஈசனுக்கு மொள்வார்.

இத்தனைக்கும் அவர் அரசன் கையால் வீரக்கழல் பூண்டவர்.

பகைவர் படை ஆற்றைக் கடக்க வந்த அன்று துறையைக் காத்தவர்கள் இருவர்: சேந்தனாரும், அவர் தோழன் காடனும். முதல் வெட்டிலேயே தோள் பிளந்து சேந்தனார் நாணலுக்குள் விழுந்துவிட்டார். அந்தி சாயும்வரை வேலைச் சுழற்றித் துறையை மறித்து நின்றது காடன் ஒருவனே. கடைசியில் அவனும் சாய்ந்தான். அதற்குள் ஆற்றில் வந்த புதுவெள்ளம் அவன் உடலை இழுத்துப் போயிற்று; பகைவர் கடக்க முடியாமல் திரும்பினர். கரையில் மிஞ்சியது அவன் வேல்தான். தவழ்ந்து வந்து அதைப் பற்றியபடி மயங்கிக் கிடந்த சேந்தனாரைத்தான் நம் படை கண்டது.

அரசன் கழலோடு வந்தான்.

"நான் இல்லீங்க சாமி. காடன்தான் நின்னான். நான் நாணலுக்குள்ள கெடந்தேன்."

அரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா! செத்தானா ஓடினானான்னே தெரியாத ஒருத்தனுக்குப் பேரைத் தூக்கிக் குடுக்குறான். இந்த அடக்கம் வேற எவனுக்கு வரும்?" என்று தானே குனிந்து கழலைப் பூட்டினான்.

அன்று பிடித்தது துன்பம். உண்மையைச் சொல்லச் சொல்லச் சேந்தனார் புகழ் வளர்ந்தது. காடன் ஓடிப்போனவன் ஆனான். அவன் மனைவி நங்கை தண்ணீருக்கு வந்தால் பெண்கள் சிரிப்பார்கள். "வழி விடுங்கடி, ஓடிப்போனவன் பொண்டாட்டி வர்றா. இவளும் ஓடிரப் போறா!"

ஒருநாள் அவள் நேரே வந்து நின்றாள். "அண்ணே, உங்க கழலு எனக்கு வேண்டாம். எம்புருசன் ஓடலேன்னு ஊரு நம்பணும். ஒரு கல்லு நட்டாப் போதும்."

"நட்டுர்றேன் தாயி."

கழலைக் கழற்றி ஈசன் வாசலில் வைத்தார். மலையடிவாரத்திலிருந்து ஒரு கல்லை ஒற்றைக் கையாலும் முழங்காலாலும் உருட்டிவந்து குளக்கரையில் நட்டார். மறுநாளே ஊரார் பிடுங்கிவிட்டார்கள். "புறமுதுகு காட்டுனவனுக்கு நடுகல்லா? ஊரு மானம் என்னாகுறது?" என்றார்கள். குளத்தின் மேல்படி உடைந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் கல்லைக் கிடத்தி மிதித்தார்கள். மறுபடி பெயர்க்கச் சேந்தனாருக்கு வலுவில்லை. கிடந்த கல்லுக்கே நீரூற்றத் தொடங்கினார். நங்கை நாள்தோறும் அந்த முதல் குடத்தில் ஓர் ஆவாரம்பூவை இடுவாள்.

"படிக்கட்டுக்கு அபிசேகமாம்! வீரருக்கு மூளையிலயும் வெட்டு விழுந்துருச்சு" என்று இளவட்டங்கள் கேலி பேசினர்.

"வாயை மூடுங்கடா. சாமி கும்பிட வர்றவங்க கால் வைக்கிற படியைக் கழுவுறாரு. என்ன பணிவு!" என்று பெரியவர்கள் அதட்டினர்.

கேலியைச் சேந்தனார் தாங்கிக்கொண்டார். இந்தப் புகழைத்தான் தாங்க முடியவில்லை.

"நீ அன்னைக்கு அங்க இருந்தேல்ல? ஒருத்தர் காதுலயாச்சும் சொல்லேன்" என்று சன்னதியில் கெஞ்சுவார். ஈசன் வாய் திறக்கவில்லை. தலை நரைத்தது. ஊர் நம்பும் என்ற ஆசை வற்றிப்போயிற்று. ஈசன் அறிவான் என்ற எண்ணம் மட்டும் வற்றவில்லை.

மார்கழியில் ஒரு விடியல். முதல் குடத்தைக் கல்லின்மேல் சாய்த்தவர் அப்படியே சரிந்தார். நங்கை ஓடிவந்து தலையை மடியில் தாங்கினாள்.

"இன்னைக்குச் சாமிக்குத் தண்ணி இல்லாமப் போச்சே தாயி..."

அப்போது குருக்கள் பதறிக்கொண்டு வந்தார். "இப்பத்தான் நடை திறந்தேன். சுவாமி மேலேருந்து தண்ணி சொட்டறது! உச்சியில ஒரு ஆவாரம்பூ வேற!"

நங்கை கல்லைப் பார்த்தாள். சற்றுமுன் நீரோடு விழுந்த பூ அங்கே இல்லை.

"அண்ணே, அவரு மேல ஊத்துனது சாமி மேல விழுந்திருக்கு!"

சேந்தனார் முகம் மலர்ந்தது. "அப்ப சாமி பாத்திருக்கு தாயி. காடன் நின்னதைப் பாத்திருக்கு." அந்தச் சொல்லோடு மூச்சு அடங்கியது.

ஊர் திரண்டது. நடந்ததை நங்கை தொண்டை வறளச் சொன்னாள், யார் கேட்டார்கள்? "சேந்தனார் பணிவுக்கு ஈசனே இரங்கிட்டாரு" என்று அழுது, குளக்கரையில் அவருக்குத்தான் பெரிய நடுகல் எடுத்தார்கள். அதை வணங்கப் போனவர்கள் எல்லாரும் அந்தப் படியை மிதித்தே ஏறினார்கள். நங்கை மட்டும் குனிந்து, அன்றன்று முதல் குடத்தை அதன்மேல் சாய்த்துவிட்டுப் போனாள்.

தம் பெயரைக் கேட்டாலே கூசிய அந்தப் பெரியவரை அவர் விரும்பியபடியே வாழ்த்துவோம். துறை காத்து நின்ற காடனார் திருவடி வாழ்க. அவருக்கு முதல் குடம் சுமந்த தோளும் வாழ்க.